த்ரீ நாட் த்ரீ ஹவில்தார்

மீஞ்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்த ஹவில்தார், கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எது கனம் என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்துக் கடைக்காரர் தராசை அவர் பக்கம் நகர்த்துவார்.

"கனத்த மட்டும் பார்த்தா ஆவாதுப்பா. இது கனம். அது கெட்டி. நமக்கு எது வோணும்னு இல்ல பார்க்கணும்?"

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும்வரை பார்ப்பார். கடைசியில் இரண்டையும் கீழே வைத்துவிட்டு வெறும் பையோடு திரும்பிய நாளும் உண்டு.

எல்லாவற்றையும் அப்படி இரண்டாக நிறுத்தித்தான் பேசுவார். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போவதா ரயிலில் போவதா, பானைத் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று ஆரம்பிப்பார். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு போய் நிற்கிற இடம் ஒன்றுதான். பட்டாளத்தில் காலமெல்லாம் அவர் சுமந்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் தோட்டா ஒரு பக்கம். அவர் வெளியே வந்த சமயத்தில் அதற்குப் பதிலாக உள்ளே வந்த செவன் சிக்ஸ் டூ தோட்டா மறுபக்கம். இரண்டில் எது மேல்?

எங்கள் தெருவில் யாருக்கு இதில் அக்கறை இருக்க முடியும்? துப்பாக்கியைத் திருவிழா பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. என் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பாவம், அவர்தான் அதிகமாக மாட்டிக்கொள்வார்.

"த்ரீ நாட் த்ரீ இருக்குது பாரு, அது கூட்ஸ் வண்டி. மெதுவாத்தான் போவும். ஆனா பாரம் ஜாஸ்தி. போய் இடிச்சா தாங்காது. செவன் சிக்ஸ் டூ மெயில் வண்டி. பாரம் கம்மி, வேகம் ஜாஸ்தி."

"எது இடிச்சாலும் ஆளு காலிதானே சார்?" என்பார் இவர்.

ஹவில்தார் அதையும் யோசிப்பார். "அதுவும் சரிதான். ஆனா போய்ச் சேர்ற வழி வேற இல்ல? கூட்ஸ் குண்டு வில்லு மாதிரி வளைஞ்சு எறங்கும். மெயில் குண்டு கயிறு கட்டின மாதிரி போவும். தூரத்தத் தப்பாக் கணக்குப் போட்டாலும் மெயில் குண்டு மன்னிச்சிடும். கூட்ஸ் குண்டு மன்னிக்காது." இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அவருக்கு இடது காலில் சில விரல்கள் கிடையாது. சீனப் போரின்போது வடகிழக்கு மலையில் பனியில் கருகிப் போனவை. வருடம் முழுக்கக் கான்வாஸ் ஷூதான். திருப்பாச்சூரில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது, அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கழனி இருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சொந்த ஊரில் இல்லாமல் இங்கே ஒண்டிக் கிடப்பானேன் என்று ஒருமுறை கேட்டேன். "ஊரு ஒத்துக்கல தங்கச்சி" என்றார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுபோலச் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு கம்பி ஆலையில் ஹவில்தாருக்கு வாட்ச்மேன்களுக்குத் தலைவர் வேலை. காலை பாசஞ்சரில் போவார். அவர் ஏறுகிற பெட்டியிலிருந்து ஆட்கள் மெல்ல அடுத்த பெட்டிக்கு நழுவுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அந்த ஆலையில் ஒரு தடவை வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளிகள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் எங்கிருந்தோ ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஹவில்தார் கையில் கொடுத்து, "சும்மா பிடிச்சிக்கினு நில்லுங்க, பார்த்தாலே பயப்படுவாங்க" என்று சொன்னாராம். இவர் அதை வாங்கி, குழலை மடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் விளக்க ஆரம்பித்தார். இது பொடி ஈயக் குண்டு அடைத்த ரவைத் தோட்டா. தூரத்தில் பரவும், கிட்டத்தில் பரவாது. கேட்டிலிருந்து முன்வரிசையில் அந்தத் தொழிலாளிப் பையன் உட்கார்ந்திருக்கிற இடம் கிட்டம். அவன் நெஞ்சில் எப்படிப் பாயும், அதே இடத்தில் த்ரீ நாட் த்ரீ என்றால் அவனைத் தாண்டி, பின்னால் தேங்காய் விற்கிறவளை எப்படித் தொடும் என்று ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல் சொன்னார். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு இவர் வெறுங்கையோடு கேட்டில் நின்றார். சங்கத்துக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் நான் கொடுத்த டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

அவரோடு சரிக்குச் சரியாகப் பேசிய ஒரே ஆள் என் தம்பி ஏகாம்பரம்.

எங்கள் அம்மா வீடு பழவேற்காட்டில், ஏரிக்கரைக் குப்பத்தில். அப்பா போன பிறகு வலையும் படகும் சித்தப்பா கைக்குப் போயின. ஏகாம்பரம் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வரும்போது மீஞ்சூரில் இறங்கி என் வீட்டில் நாஷ்டா முடித்துவிட்டுத்தான் அம்மாவைப் பார்க்கப் போவான். அவனுக்குக் கொடுத்திருந்தது புதுத் துப்பாக்கி. முதல் நாளே ஹவில்தாருக்கும் அவனுக்கும் பிடித்துக்கொண்டது.

"உஸ்தாத், உங்க தோட்டாவுக்குப் பின்னால தட்டு மாதிரி ஒரு விளிம்பு கீதே, அது ஒண்ணு மேல ஒண்ணு மாட்டிக்கினா அவ்ளோதான். சண்டையில குந்திக்கினு அத்த நோண்டுவீங்களா? ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட இழுக்கணும், தள்ளணும். எங்களுது விரல அழுத்தினா போதும்."

"விரல அழுத்தினா போதும்னா எல்லாம் வீணாப் போவும்டா. போல்ட்ட இழுக்கறவன்தான் பார்த்துச் சுடுவான்."

"பார்த்துச் சுட்டாலும் உங்க குண்டு வளைஞ்சு இல்ல போவுது!"

பட்டாளத்தில் சொல்லிக்கொடுக்கிறவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்களாம். மலைக்குப் போவதற்கு முன்னால் புது ஆட்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர் ஹவில்தார். அன்று அவர் சிரித்ததைப் பார்த்தேன். என் வீட்டில் கிடந்த, அம்மா வலையில் கட்டுகிற ஈயக் குண்டில் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று எடுத்து, கொல்லைச் சுவருக்கு மேலாக இருவரும் மாறி மாறி எறிந்து, எது எங்கே விழுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முடிவு வரவில்லை. "அடுத்த லீவுல வந்து பேசிக்கிறேன் உஸ்தாத்" என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில், கிழக்கு எல்லையில், அவன் செத்துப்போனான். தந்தி குப்பத்துக்குப் போனது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டு அம்மா கரை முழுக்க நடந்திருக்கிறாள்.

சில வாரம் கழித்து, அவனோடு இருந்த சிப்பாய் ஒருவன் ஏகாம்பரத்தின் பெட்டியைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தான். வேலூர்ப் பக்கத்துப் பையன். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஹவில்தாரும் கூட வந்தார். குப்பத்து ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"ஒரே குண்டும்மா. அடிவயித்துல. ஒடனே போய்ட்டாரு. வலியே தெரிஞ்சிருக்காது."

சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். "அந்த மட்டும் புண்ணியம்" என்று யாரோ சொன்னார்கள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். வலி இல்லை. தம்பிக்கு வலி இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகும்போதெல்லாம் அவர் பேச்சைக் கேட்டிருந்த அம்மா மட்டும் ஹவில்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் என்றால் எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம் என்று அந்தப் பையனைக் குடைந்திருப்பார். அன்று ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து கரைக்குப் போய்விட்டார்.

பையன் கிளம்பிப் போனதும் அம்மா நேராகப் படகுகள் நிற்கிற இடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஹவில்தாரு, நீ எத்தையும் ரெண்டா பிரிச்சுப் பேசுவியே. இன்னிக்கு இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா."

"கீது. உன் மூஞ்சில கீது. எங்கிட்ட சொல்லு."

"அம்மா, உள்ள வா நீ" என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

ஹவில்தார் அவளை நேராகப் பார்த்தார். "அடிவயித்துல பட்டா ஒடனே போவ மாட்டாங்கம்மா."

"எம்மா நேரம் ஆவும்?"

"சொல்ல முடியாது. நேரம் ஆவும்."

"நெனப்பு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"தண்ணி கேட்டிருப்பானா?"

"கேட்டிருப்பான்."

"குடுத்திருப்பாங்களா?"

"வயித்துல பட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதும்மா. துணிய நனைச்சு ஒதட்டுல வெப்பாங்க. தெரிஞ்சவன் எவனாச்சும் பக்கத்துல இருந்தா அத்த செஞ்சிருப்பான்."

அம்மா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எந்தக் குண்டு? உன்னுதா, அவன் சொல்லுவானே, அதுவா?"

"அவனுதுதாம்மா இருக்கும். அந்தப் பக்கத்து ஆளுங்களும் இப்ப அதே அளவுத் தோட்டாதான் போடறாங்க. துப்பாக்கிதான் வேற."

"செத்தவன எதுக்கு மறுபடி சாவடிக்கறீங்க? உங்க குண்டுக் கதைய எங்கம்மாகிட்டயா பேசணும்?" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மணலில் விந்தி விந்தி ரோடு பக்கம் நடந்துபோனார்.

ஊருக்குத் திரும்பியதும் அவரைக் காலி பண்ணச் சொல்லும்படி என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். டீ கொடுப்பதை நிறுத்தினேன். தம்பி தண்ணீர் கேட்கிற சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது, குழாயடியில் கேட்டது. இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது எனக்கு வந்திருக்குமா?

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து இறங்கினாள். கூடையில் இறால். நேராக முன்னறைக் கதவைத் தட்டினாள். "இந்தா, ஆஞ்சு வெச்சிருக்கேன்" என்று பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

"அந்த ஆளு மூஞ்சியப் பார்க்க உனக்கு எப்பிடிம்மா மனசு வருது?"

"ஊர்ல எல்லாரும் எங்கிட்ட பொய் சொல்றாங்கடி. நீயும் சொல்ற. எம்புள்ள எப்பிடிப் போனான்னு தெரியாம நான் எப்பிடி அழுவேன்? இவரு ஒருத்தருதான் என்னை அவன் பக்கத்துல கூட்டினு போனாரு."

எனக்கு அது புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலி பண்ணச் சொல்லவில்லை.

அவர்கள் பேசுவது உள்ளே எனக்குக் கேட்கும். முதலில் எல்லாம் ஏகாம்பரத்தைப் பற்றித்தான். பிறகு ஒரு நாள் ஹவில்தார் தன் கதையைச் சொன்னார். அப்போதுதான், இத்தனை வருடமாக அந்த இரண்டு தோட்டாக்களை ஏன் மோதவிட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

திருப்பாச்சூரில் அவர் தெருக் கோடியில் ஒரு பையன், வாசீசன் என்று பேர். இவரைப் பார்த்துத்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். இவர் கையாலேயே பயிற்சி எடுத்தான். பயிற்சி எல்லாம் சமதரையில். போனது மலைக்கு. அந்த உயரத்தில் காற்று மெலிசு. குண்டு சமதரையில் இறங்குகிற அளவுக்கு அங்கே இறங்காது. அதோடு சரிவில் கீழ்நோக்கிச் சுட்டால் இன்னும் மேலே போகும். துப்பாக்கியின் குறியைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

"எனக்கு அது தெரியும்மா. புஸ்தகத்துல படிச்சிருந்தேன். மைதானத்துல அதுக்கு வேலை இல்லன்னு பசங்களுக்குச் சொல்லித் தரல. மலைக்குப் போனப்ப ஒரே பேஜாரு, குளுரு, யாரு எங்க கீறாங்கன்னே தெரியல. ஞாபகம் வந்து நான் கத்தறதுக்குள்ள முடிஞ்சி போச்சு. பசங்க சுட்டதெல்லாம் தலைக்கு மேலயே போச்சு."

வாசீசனுக்கு வயிற்றில் பட்டது. விடிந்து வெயில் ஏறும்வரை இருந்தான். பக்கத்தில் இவர் இருந்தார்.

"புதுத் தோட்டா அன்னிக்கு எங்ககிட்ட இருந்திருந்தா அது நேராப் போயிருக்கும். தப்பு கம்மியா ஆயிருக்கும். அப்ப பழி தோட்டாமேல. ஆனா சரியாச் சொல்லிக் குடுத்திருந்தா த்ரீ நாட் த்ரீயே போதும்னும் தோணுது. அப்ப பழி எம்மேல. ரெண்டுல எதுன்னுதான் பார்க்கறேன். முடிய மாட்டேங்குது."

"நீ ஒருத்தனா சண்டைய நடத்தின?" என்றாள் அம்மா. அவர், "வாசீசன் அம்மாகிட்ட ஒடனே போய்ட்டான்னு சொல்லிட்டேன். அதுக்கப்பால அந்தத் தெருவுல என்னால நடக்க முடியல" என்றார்.

"அந்தம்மா உசுரோட கீதா?"

"இருக்காங்க."

"கெளம்பு. போலாம்."

அவர் மறுத்தார். அம்மா அடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள், அதற்கடுத்த ஞாயிறும் சொன்னாள். கடைசியில், ஏகாம்பரம் போய் ஒரு வருடம் ஆன பிறகு, தை மாதத்தில் ஒரு நாள் மூன்று பேரும் போனோம். செங்குன்றத்தில் பஸ் மாறி, திருவள்ளூரில் இன்னொரு பஸ் மாறி. திருப்பாச்சூர் நெருங்க நெருங்க அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் களத்தில் நெல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணுக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்தார். "யாரு, ஹவில்தாரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

ஹவில்தார் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நெல்லுக்கு வெளியே நேராக நின்றார். "அம்மா, வாசீசனப் பத்தி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் வந்து சொன்னது..."

கிளறிக்கொண்டிருந்த கால் நின்றது.

"அன்னிக்கு வந்து இதே எடத்துல நின்னுதான் சொன்ன, ஒடனே போய்ட்டான்னு. எங்க ஊட்டுக்காரரு அத்த வெச்சிக்கினுதான் கண்ண மூடினாரு. அத்த வெச்சிக்கினுதான் நானும் சோறு துன்றேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத நைனா. கேக்க மாட்டேன்."

ஹவில்தார் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். கேட்க மாட்டேன் என்று இன்னொருத்தி நிற்கும்போது அவள் என்ன செய்ய முடியும்?

"ஆமாம்மா" என்றார் ஹவில்தார். "ஒடனேதான். வலியே தெரியல."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "குந்து. சாப்பிட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி நெல்லைக் கிளறத் தொடங்கினார். என் அம்மா செருப்பை விட்டுவிட்டு நெல்லில் இறங்கினாள். பிறந்ததிலிருந்து மீனும் வலையும்தான் அவளுக்குத் தெரியும். நெல்லில் கால் வைத்துப் பழக்கமில்லை. அந்த அம்மாள் இழுக்கிற மாதிரியே பார்த்துப் பார்த்து, தானும் காலால் இழுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஹவில்தார் களத்து ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இல்லாத அந்தக் காலை அன்றுதான் வெயிலில் பார்த்தேன்.

அவர் எங்களோடு திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆலை வேலையையும் விட்டுவிட்டார். கடைசிவரை திருப்பாச்சூரிலேயே இருந்தார். அந்த அம்மாளின் கழனி வேலைகளை அவர்தான் பார்த்துக்கொண்டாராம். அவரைவிட அந்த அம்மாள் நெடுநாள் இருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். தோட்டாக்களைப் பற்றி அங்கே யாரிடமாவது பேசினாரா என்பது தெரியாது.

திருப்பாச்சூர் போன அன்று, அங்கேயே தங்கிவிட்ட அவரை விட்டுவிட்டு நானும் அம்மாவும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். அம்மா காலில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியும்டி" என்றாள். "தெரியாதவ அப்பிடித் தடுக்க மாட்டா."

"அவங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரியும்."

"அப்புறம் இனிமே எப்பிடிம்மா அங்க இருப்பாரு?"

அம்மா பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரே கூட்டம். திருவள்ளூரில் மாறியும், செங்குன்றம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம்.